கழுத்தில் தொங்கும் பேரரசர்

ரோமர்கள் ஆண்ட ஊர்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இத்தாலிக்குப் போவார்கள், எகிப்துக்குப் போவார்கள். எனக்கு வாய்த்ததோ ரோமர்கள் ஒருநாளும் ஆளாத இரண்டு ஊர்கள். ஒன்று, நான் பிறந்து வளர்ந்து மேசைவிரிப்பும் கைத்துண்டும் ஏற்றுமதி செய்கிற கரூர். இன்னொன்று, அந்த மேசைவிரிப்பை வாங்குகிற ஒஸ்லோ.

கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசு கிடைக்கும் என்பது எங்கள் ஊர்ப் பெருமை. மிளகுக்கு யவனர்கள் கொடுத்துவிட்டுப் போன காசு. அதில் கிறுக்குப் பிடித்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர், நானும் ஒருத்தன். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பூதக்கண்ணாடி இருக்கும். அந்தப் பூதக்கண்ணாடியால் ஒஸ்லோவில் ஒரு கல்யாணமே கோணலாகப் போகப் பார்த்தது.

கல்யாணம் என் நண்பன் சிவநேசனின் மகளுக்கு. சிவநேசன் திருகோணமலைக்காரன். எழுபத்தேழாம் வருடக் கலவரத்துக்குத் தப்பித் திருச்சிக்கு வந்து என்னோடு கல்லூரியில் படித்தவன். அங்கிருந்து நார்வேக்குப் போனவன் போனவன்தான். இப்போது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் பொறுப்பாளன். ஊரில் போய்க் கல்யாணம் வைக்கலாம் என்று இருந்திருக்கிறார்கள். அந்த வருடம் அங்கே சண்டை மறுபடி மூண்டுவிட்டதால் ஒஸ்லோவிலேயே மண்டபம் பிடித்தார்கள். நான் வியாபாரத்துக்குப் போகிற வாரமும் ஆவணி முகூர்த்தமும் ஒன்றாக அமைந்தது. "ஹோட்டல் கீட்டல் எண்டு கதைச்சியோ, காலை முறிப்பன்" என்று சிவநேசன் தொலைபேசியில் சொன்னான்.

அவன் வீடு ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில். நெடுநெடுவென்று அடுக்குமாடிகள், நடுவே புல்வெளி, புல்வெளியில் பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி மலர் இடியப்பமும் சொதியும் சாமன் மீன் குழம்பும் வைத்துக் காத்திருந்தாள். முதல் வாயிலேயே பயணக் களைப்பு போய்விட்டது. மறுநாள் காலையில் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டியைச் சீவி ரொட்டியில் வைத்துக் கொடுத்தாள். இந்த ஊர்ப் பாலாடைக்கட்டியாம். எனக்கு அது திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் யாரோ உப்புப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. அப்படிச் சொல்லிக்கொண்டே ஐந்தாவது துண்டையும் சீவினேன்.

என்னிடம் துணி வாங்குகிறவருடைய அலுவலகம் நகரத்துக்குள். பெரிய முதலாளி. அவரே எழுந்து போய்க் காப்பி ஊற்றிக் கொண்டுவந்தார். மத்தியான விருந்துக்கு நான் வயிற்றைக் காலியாக வைத்திருந்தேன். அவரோ மேசை இழுப்பறையிலிருந்து காகிதத்தில் சுற்றிய இரண்டு ரொட்டித் துண்டை எடுத்தார். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது. எனக்கும் பாதி தந்தார். மனிதர் பேசியது மொத்தமே ஒரு கைப்பிடி வார்த்தை: சிவப்பைக் குறையுங்கள், சாம்பலைக் கூட்டுங்கள், சொன்ன தேதியில் அனுப்புங்கள். எங்கள் ஊரில் இதற்கு மூன்று மணி நேரமும் ஒரு பிரியாணியும் ஆகும். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

திரும்பும்போது ரயிலில் ஏறினேன். பெட்டி முழுக்க ஆட்கள் இருந்தும் கோயில் கருவறை மாதிரி அமைதி. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் மட்டும் மெதுவாக ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி வெளியூர்க்காரி போலிருக்கிறது. "இந்த வருடம் கோடை எப்படி இருந்தது?" என்று கேட்டாள். "நன்றாகத்தான் இருந்திருக்கும், அன்றைக்கு நான் வேலையில் இருந்தேன்" என்றாள் மற்றவள். நான் சிரித்த சிரிப்பில் ஹவுகன்ஸ்டுவா ஜன்னலுக்கு வெளியே ஓடிப்போனது. அது அங்கே நிற்காத ரயில். லில்லெஸ்துரொம் என்ற அடுத்த ஊர் வரை கொண்டுபோய் விட்டது. நடைமேடையில் திருதிருவென்று முழித்த என்னை நாயோடு வந்த ஒரு பெரியவர் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல், கூடவே நடந்து எதிர்நடைமேடைக்குக் கூட்டிப்போய், சரியான ரயில் வரும்வரை நின்று, நான் ஏறியதும் தலையசைத்துவிட்டுப் போனார். நம் ஊரில் வழி சொல்ல பத்துப் பேர் ஓடி வருவார்கள், பத்துப் பேரும் பத்துத் திசை காட்டுவார்கள். இவர் வாயைத் திறக்காமலே என்னை வீடு சேர்த்துவிட்டார்.

அன்று சாயங்காலம்தான் நான் வினையை விலைக்கு வாங்கினேன்.

ஈழத்துத் தாலியை நான் அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. நம் பக்கத்து மஞ்சள் கயிறு இல்லை. தடித்த பொன் கொடி, நடுவில் தாலி, தாலிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு தங்கப் பவுண் காசு. அந்தக் காசு இல்லாவிட்டால் அவர்களுக்குக் கொடி நிறையாது. மாப்பிள்ளை கஜன் நார்வேயின் மேற்குக்கரை ஊரான ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். கொடி ஸ்தவாங்கரில் தயாராக இருந்தது. அவருடைய அம்மா மருமகளுக்கென்றே எடுத்து வைத்திருந்த இரண்டு பவுணுக்கும் வளையம் வைக்க வேண்டும். அதற்காகக் கஜன் போன வாரம் அவற்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வேலை முடிந்து வருகிற வழியில் சிவநேசன் குறொன்லாண்ட் நகைக்கடையில் அவற்றை வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் பட்டுத்துணியை விரித்து வைத்தான்.

காசைக் கண்டதும் என் கை தானாகப் பைக்குள் போயிற்று. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். தாடிக்கார இங்கிலாந்து ராஜா, பக்கவாட்டு முகம். சுற்றிலும் எழுத்து. எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது.

"அடேய் சிவா, இது லத்தீன்டா! ரோமன் எழுத்து! ராஜா பேரு, அப்புறம் ரெக்ஸ், கடைசியில இண்ட் இம்ப். எங்க ஊர் ஆத்துல கிடைக்கிற காசுலயும் இதே இம்ப்தான் இருக்கும். ரோமாபுரி மண்ணோட மண்ணாப் போயும் இங்கிலீஷ்காரன் அவங்க பாஷையிலதான் பேரு போட்டுக்கிறான் பாரு!"

மணப்பெண் ஆரணி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒஸ்லோவில் பிறந்த பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் பாதியில் விடமாட்டாள்.

"என்ன அர்த்தம் மாமா, இண்ட் இம்ப்?"

"இந்தியாவின் பேரரசர்ம்மா."

"அப்ப இலங்கை?"

"அதுக்கு முன்னாடியே பிரிட்டன்கள் எல்லாத்துக்கும் ராஜான்னு போட்டுட்டான். உங்களையும் சேர்த்துத்தான்" என்றேன், ஏதோ பரிசு கொடுக்கிறவன் போல.

அவள் காசைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்களை ஆண்ட ஆள். எங்களை ஒரு சாமான் மாதிரி எழுதி வைச்சிருக்கிறான். இவன்ர தலையை நான் சாகுமட்டும் கழுத்தில போட்டுக்கொண்டு திரியோணுமோ?"

மலர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். "உதெல்லாம் ஆர் பாக்கினம் பிள்ளை? எல்லாரும் போடுறதுதானே."

"நான் பாத்திட்டன் அம்மா. நான் போடமாட்டன்."

"பவுண் இல்லாமல் கொடியோ? கஜன்ர அம்மா பொத்திப் பொத்தி வைச்சது. அவவிட்டை என்னெண்டு சொல்லுறது?"

"மாமி வரட்டும். நானே கதைக்கிறன்."

சிவநேசன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அதில் எங்கள் கல்லூரிக் கால நட்பு முழுவதும் ஒருமுறை ஆட்டம் கண்டது. இரவு மலர் எனக்குப் பால் தேநீர் தந்தாள், ஆனால் சர்க்கரை போடவில்லை.

மறுநாள் அந்த வீட்டில் உட்கார எனக்கு முள்ளாக இருந்தது. அருங்காட்சியகம் போய்வருகிறேன் என்று கிளம்பினேன். "தனியப் போனால் சுவீடனிலதான் இறங்குவியள்" என்று ஆரணியும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள். கோபக்காரிதான், ஆனால் விருந்தாளியை விட்டுக்கொடுக்காத பிள்ளை. மழை தூறிக்கொண்டே இருந்தது.

ரோமர் கால்வைக்காத நாட்டில் ரோமர் சாமான் எவ்வளவு இருந்துவிடப் போகிறது என்றுதான் உள்ளே போனேன். முதல் கண்ணாடிப் பெட்டியிலேயே அசந்துவிட்டேன். வெண்கல அண்டா, மது மொள்ளும் கரண்டி, இளம்பச்சையில் ஒரு கண்ணாடிக் குவளை. எங்கோ ரைன் நதிக்கரை மாகாணத்தில் ஊதிச் செய்து, வண்டியிலும் படகிலும் ஏற்றி இறக்கி, கடல் தாண்டி இந்தக் குளிருக்கு வந்து, ஒரு சீமாட்டியோடு சமாதிக்குள் போய், இன்றைக்கும் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. என் பெட்டிகள் தூத்துக்குடித் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் ஓரம் நசுங்கிவிடும், அதுவும் உள்ளே இருப்பது துணி. அந்தக் காலத்துச் சரக்கு அனுப்புநரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கரூருக்கு மிளகு தேடி வந்த அதே கை, இங்கே தோலும் கம்பளியும் தேடி வந்திருக்கிறது. பூமியின் இரண்டு ஓரங்களை ஒரே சந்தையாகப் பார்த்த அந்த மனிதர்களை நினைத்து மெய்சிலிர்த்தது. அதை ஆரணியிடம் சொல்லவும் செய்தேன்.

"அடிமையும் வித்தவை மாமா" என்றாள்.

அடுத்த பெட்டியில் தங்கம். ரோமப் பேரரசரின் தலை போட்ட ஒரு காசு, மேலே வளையம் வைத்து. கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள்! பக்கத்தில் உள்ளூர்த் தட்டான்கள் அதைப் பார்த்துத் தட்டிய மெல்லிய தங்க வில்லைகள். முதல் வில்லையில் பேரரசர் பேரரசராகவே இருக்கிறார். அடுத்ததில் தலை பெருக்கிறது, எழுத்துகள் வெறும் கீறலாகின்றன. அதற்கடுத்ததில் கொண்டை முளைத்து, தலைக்குக் கீழே ஒரு குதிரை வந்துவிடுகிறது. கடைசி வில்லையில் அந்த ஆளை ரோமாபுரியில் பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது.

காவலுக்கு நின்ற நரைத்த பெண்மணி நாங்கள் அங்கேயே நிற்பதைப் பார்த்து அருகில் வந்தாள். அவள் நார்வேஜிய மொழியில் சொன்னதை ஆரணி எனக்குச் சொன்னாள்: "செய்தவருக்கு இவர் யாரென்று தெரியாது. முன்னால் ஒருவர் செய்ததைப் பார்த்துச் செய்தார். போட்ட பெண்கள் இவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எங்களுக்கும் தெரியாது. ஏதோ சாமி என்று சிலர் சொல்கிறார்கள். தங்களைக் காக்கிறவர் என்று நம்பித்தான் போட்டிருப்பார்கள்."

எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. "பார்த்தியாம்மா? ஆண்ட ராஜா தலையைத்தான் இவங்களும் போட்டிருக்காங்க" என்று ஆரம்பித்தேன்.

"இவையை அவன் ஆளேல்லையே மாமா" என்றாள். பிறகு அந்தக் குதிரைக்காரரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "வடிவாத்தான் இருக்கு. அவனைத் தங்கட ஆளா மாத்திப்போட்டினம். ஆனா இவைக்கு வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்கள் வாசிச்சுப்போட்டீங்கள். தெரிஞ்சுகொண்டு எப்பிடி மாமா போடுறது?"

அருங்காட்சியகத்துக் காப்பிக் கடையில் இதய வடிவத்தில் வாஃபிள் வாங்கித் தந்தாள், அந்த உப்புப் பால்கோவாவையே சீவி மேலே வைத்து. அந்தப் பெண் வீம்புக்கு அழிச்சாட்டியம் பண்ணவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கஜன் மேல் அவளுக்கு உயிர். கஜனின் அம்மா மேலும் மரியாதை. பொய்யாக ஒன்றைப் போட்டுக்கொள்ள அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, கல்யாணத்தை நினைத்துப் பயமாகவும் இருந்தது.

அதற்கடுத்த நாள் பலகாரச் சூடு. கல்யாணத்துக்கு முன்னால் உறவுப் பெண்கள் கூடி எண்ணெய்ச் சட்டி வைத்துப் பலகாரம் சுடுகிற சடங்கு. ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில் அதற்கு முதல் வேலை, கூரையில் இருக்கும் புகை மணிக்குப் பிளாஸ்டிக் பை கட்டுவது. சிவநேசன் ஏணி போட்டுக் கட்டினான். கட்டியும் முதல் ஈடு முறுக்குக்கே மணி அலறியது. மேல்வீட்டுச் சோமாலியப் பெண் ஓடிவந்தாள், நிலைமையைப் பார்த்தாள், ஒரு தட்டு முறுக்கோடு திரும்பிப் போனாள். பலகாரச் சூடு முடிகிற வரை நான் துண்டை விசிறி விசிறிப் புகையை ஜன்னலுக்கு வெளியே விரட்டினேன். கரூர்த் துண்டு, நல்ல தரம்.

நடுவில் கஜனின் அம்மா பூமணி வந்தார். மட்டக்களப்புக்காரர். ஒடிசலான உருவம், உரத்த குரல். வந்ததும் கையைக் கழுவிவிட்டுச் சட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். மலர் பிசைந்த மாவையே மறுபடி பிசைந்தாள். அரைமணி நேரம் எல்லோரும் முறுக்கைப் பற்றி மட்டுமே பேசினோம். பிறகு ஆரணி பட்டுத்துணியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமி, உங்களோட ஒண்டு கதைக்கோணும். இந்தப் பவுணில இருக்கிற ஆள்..."

"ஓம் மனே, அதுதானே, நானும் உனக்குச் சொல்ல வேணுமெண்டு இருந்தனான்" என்றார் அவர். மட்டக்களப்பில் பெண் பிள்ளையையும் 'மனே' என்றுதான் கூப்பிடுவார்கள். சேலைக்குள் கையை விட்டுத் தன் கொடியை வெளியே எடுத்தார். அதிலும் இரண்டு பவுண். ஆண்டுக்கணக்காக உடம்பில் உராய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. "இது எங்கட பூட்டன். எனக்குத் தாலி கட்டின அண்டு அம்மா சொன்னவ, உன்ட பூட்டன் கழுத்தில கிடக்கிறார், ஒண்டுக்கும் பயப்பிடாதே எண்டு. ஊரை விட்டு ஓடினம். கஜன் கைக்குழந்தை. காட்டுக்குள்ள கிடந்தம். அந்தாள், இவன்ட அப்பா, எங்க எண்டே தெரியா. நான் இவரைத்தான் பொத்திப் பிடிச்சுக்கொண்டு கிடந்தன். பூட்டா, விடியுமட்டும் பாத்துக்கொள்ளெண்டு. விடிஞ்சுது. அந்தாளும் வந்து சேர்ந்தார். அதுக்குப் பிறகுதான், வாற மருமகளுக்கும் பூட்டன் இருக்க வேணுமெண்டு இந்த இரண்டையும் தேடி எடுத்து வைச்சன்."

பூட்டன் என்றால் எங்கள் பக்கத்தில் கொள்ளுத் தாத்தா. மலர் கரண்டியோடு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூமணி அம்மாள் என் பக்கம் திரும்பினார். "நீங்க காசு வாசிக்கிற ஆளாம், கஜன் சொன்னவன். சுத்திவர என்னமோ எழுதிக் கிடக்கு. பூட்டன்ட பேரா இருக்குமெண்டு எனக்கொரு நினைப்பு. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

பூதக்கண்ணாடியை எடுத்தேன். குனிந்து பார்த்தேன். தேய்ந்திருந்தாலும் பழகிய கண்ணுக்குத் தெரியத்தான் செய்தது, கடைசி எழுத்து வரை. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு காசை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை.

ஆரணி என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கினாள். மாமியின் கழுத்தருகே குனிந்து நெடுநேரம் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நினைத்ததை மறைக்கத் தெரியாத பிள்ளை அது.

"எழுத்து வாசிக்கேலாது மாமி" என்றாள். "தேஞ்சு போச்சு. முகம் மட்டும் தெரியுது."

"தெரியுதா மனே?"

"ஓம். கஜன்ர மூக்கு."

பூமணி அம்மாள் சிரித்த சிரிப்பில் புகை மணி மறுபடி அடிக்காததுதான் பாக்கி. "நானும் அதைத்தானே சொல்றன், ஒருத்தரும் நம்புறாங்க இல்ல!" என்று ஆரணியின் கன்னத்தைக் கிள்ளினார். ஆரணிக்குக் கண் கலங்கியிருந்தது. பட்டுத்துணியிலிருந்த இரண்டு காசையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "பூட்டனை நீங்களே கொடியில கொளுவி விடுங்கோ மாமி" என்றாள்.

மலர் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று எனக்கு வந்த தேநீரில் சர்க்கரை தாராளமாக இருந்தது.

பூதக்கண்ணாடியை மட்டும் ஆரணி திருப்பித் தரவில்லை. "கல்யாணம் முடிய தாறன் மாமா" என்று கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்த கூட்டம். வெளியே மழை, உள்ளே நாதஸ்வரம். என்னிடம் துணி வாங்கும் முதலாளியையும் எனக்காகச் சிவநேசன் அழைத்திருந்தான். மனிதர் வேட்டி கட்டி வந்து, இடுப்பை ஒரு கையால் பிடித்தபடியே எல்லாச் சடங்குக்கும் எழுந்து எழுந்து நின்றார். தாலி கட்டுவதற்கு முன்னால் கொடியைத் தேங்காயோடு தட்டில் வைத்து, எல்லோரும் தொட்டு ஆசி சொல்வதற்காகக் கொண்டுவந்தார்கள். தட்டு என் முன்னால் வந்து நின்றது. கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போயிற்று. பை காலி.

வெறும் கண்ணால் பார்த்தேன். தாடி வைத்த ஒரு பெரியவர். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.